கடைசிப் பத்து அத்தியாயத்தை வெளியே விட்டவள்

அருளு,

முதலில் சாப்பிட்டுவிடு. வெறும் வயிற்றில் படித்தால் உனக்குக் கோபம் இரட்டிப்பாக வரும், அது உன் அப்பா வழி ரத்தம். நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மட்டும் காலையில் எனக்கு முன்னால் எழுந்துகொள்கிறது. மற்றபடி இந்த எழுபது வயதில் பாரிவாக்கத்தில் என் அளவுக்குத் தெம்பாக நடக்கிறவள் இன்னொருத்தி இல்லை. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை குமணன்சாவடியிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். எட்டு மாதமாக நேரில்தான் சொல்லப் பார்த்தேன். நீ வந்து உட்கார்ந்ததும் வாயைத் திறப்பேன், தோசை ஊற்றட்டுமா என்றுதான் வரும். நீயும் பாவம், பசிக்காத நாளிலும் தின்றுவிட்டுப் போனாய்.

இது உனக்கு எழுதுவதுதான், ஆனால் உனக்கு மட்டும் இல்லை. உன் கதைகளைப் படிக்கிறவர்கள் எல்லாரும் போனில் கூடுகிற அந்தப் பக்கத்தில், போன ஆடி மாதம் உனக்குப் பிழை பார்த்த ஸ்டெல்லா டீச்சரைப் பற்றி எழுதிப் போட்டாயே, அதே இடத்தில் இதையும் நீ போட வேண்டும். டீச்சர் வருகிற ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டு வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு கோயம்புத்தூர் போகிறார். திரும்பி வருகிற எண்ணம் இல்லை. அதற்கு முன்னால், வெள்ளிக்கிழமை, நீ அத்தியாயம் போடுகிற நேரத்தில், எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிற நேரத்தில், இது வர வேண்டும். விஷயம் இதுதான். உன் கதையின் கடைசிப் பத்து அத்தியாயத்தை வெளியே விட்டது டீச்சர் இல்லை. நான்.

எழுந்து நடக்காதே. உட்கார்ந்து மீதியையும் படி. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகிறது. பாதியில் வைத்தால் அந்தப் பாவமும் உனக்குச் சேரும்.

நீ அம்பத்தூர் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டேன் என்று வந்து சொன்ன நாள் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. செவ்வாய்க்கிழமை. கத்தரிக்காய் காரக்குழம்பு வைத்திருந்தேன். கையில் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அம்மா, இனிமே கதைதான் எழுதப் போறேன்" என்றாய். லீவு நாளில் எழுதுவேன் என்கிறாய் என்று நினைத்தேன். அதுதான் பிழைப்பு என்று நீ விளக்கிச் சொன்னதும், குழம்புச் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அன்றைக்கு நீ மோர் ஊற்றித் தின்றுவிட்டுப் போனாய். உங்கள் தாத்தா இதே பாரிவாக்கத்தில் ஊரான் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர். நான் அம்பத்தூர் எஸ்டேட் ஃபேக்டரியில் ரப்பர் வளையத்துக்குப் பிசிறு வெட்டி உன்னைப் படிக்க வைத்தேன். ஏசி அறையில் உட்காருகிற வேலையை உதறிவிட்டு, வீட்டில் பனியனோடு உட்கார்ந்து பொய்க்கதை எழுதுகிறேன் என்று பிள்ளை சொன்னால் எந்தத் தாய் குழம்பு ஊற்றுவாள்? நாற்பது நாள் உன்னோடு பேசவில்லை. உனக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாங்காடு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் கொண்டு போனேனே, அது என் முட்டி வலிக்காக இல்லை. நீ இந்த எழுத்தை விட்டுவிட்டுத் திரும்ப வேலைக்குப் போக வேண்டும் என்று. ஆறாவது வாரம் முடிந்த மறுநாள், உன் கதைக்கு முதல் முதலாகப் பணம் வந்தது என்று இனிப்பு வாங்கிக்கொண்டு வந்து நின்றாய். அம்மனிடம் எனக்கு வழக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் அவள் செய்தது சரி என்று ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு உன் பிழைப்பை நான் கிட்ட இருந்து பார்த்தேன். காலையில் மருமகள் வனிதா வேலைக்குப் போனதும் நீ உட்காருவாய். மதியச் சோற்றுக்கு எழுந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. வாரம் ஒரு அத்தியாயம் எழுதி வெள்ளிக்கிழமை போனில் எல்லாரும் சும்மா படிக்கும்படி போடுவாய். முக்கால்வாசிப் பேர் பெண்கள். பஸ்ஸில் போகிறபோது, குக்கர் விசிலுக்குக் காத்திருக்கிறபோது, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் நிற்கிறபோது படிக்கிறவர்கள். கதை முடிகிற சமயத்தில் கடைசிப் பத்து அத்தியாயத்தை மட்டும் போடாமல் வைத்துக்கொள்வாய். முழுக் கதை வேண்டுமென்றால் விலை கொடுத்து வாங்க வேண்டும். அந்தப் பத்துதான் உன் உலை அரிசி. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. காய்கறிக்காரன் கூட ஒரு கொய்யாவை நறுக்கிக் கையில் கொடுத்துவிட்டுத்தான் கூடையை விற்கிறான், இதில் என்ன கேவலம் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதலில் நீ அச்சடித்த புத்தகம் விற்காமல் கட்டுக் கட்டாக என் கட்டிலுக்கு அடியில் கிடந்ததே, அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. நம் வீட்டுக்கு மாடி எடுத்துப் பால் காய்ச்சினோமே, அன்றைக்குத் தாம்பூலப் பையில் தேங்காய்க்குப் பதில் உன் புத்தகத்தைப் போட்டுக் கொடுத்தேன். வந்தவர்கள் பையைத் தூக்கிப் பார்த்து, கனமாக இருக்கிறதே, எவர்சில்வரோ என்று சந்தோஷப்பட்டார்கள். வீட்டுக்குப் போய்ப் பிரித்த பிறகு ஒருத்தரும் எனக்குப் போன் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து உன் அப்பா கூடப் பிறந்த சரோஜா அத்தை வீட்டுக்குப் போனேன். மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். கிரைண்டர் ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அடியில் எதையோ முட்டுக் கொடுத்திருந்தாள். குனிந்து பார்த்தேன். உன் புத்தகம். அட்டையில் நீ சிரித்துக்கொண்டு இருந்தாய், உன் நெற்றி மேல் உளுந்து மாவு. அவள் காப்பி போட உள்ளே போனதும், கிரைண்டரைத் தூக்கிப் புத்தகத்தை உருவி, முந்தானையில் துடைத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு அவள் கிரைண்டர் ஆடியிருக்கும். நல்லா ஆடட்டும்.

உனக்குத் தெரியும், நான் எதையும் மறக்க மாட்டேன். என் கல்யாணத்தில் எனக்குப் பாயசம் கடைசியில் ஊற்றியவள் யார், உன் காது குத்துக்கு அரைப் பவுன் சொல்லிவிட்டுக் கால் பவுனோடு வந்தவர் யார், எல்லாம் கிழமையோடு சொல்லுவேன். ஊரில் இதை என் குறை என்றார்கள். நீ ஒருத்தன்தான் வந்து, "அம்மா, ஒரு நாத்தனா பந்தியில உக்காந்துகினு எப்படிக் குத்திப் பேசுவா, சொல்லு" என்று கேட்டாய். நான் சொன்னேன். அடுத்த வெள்ளிக்கிழமை அது அப்படியே அத்தியாயமாக வந்தது. கீழே ஊர் ஊராக இருக்கிற பெண்கள் அந்த நாத்தனாரைக் கரித்துக் கொட்டியிருந்தார்கள். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தேன். முப்பது வருஷமாக நான் தனியாகத் திட்டிக்கொண்டிருந்த ஒருத்தியை இத்தனை பேர் எனக்காகத் திட்டுகிறார்கள். அருளு, அந்த மாதிரி நிம்மதியாக நான் அதற்கு முன்னால் தூங்கியதே இல்லை. என் ஆங்காரத்தை நீ சோறாக்கினாய். வாடகை அதில் போகிறது, பேத்தி பள்ளிக்கூடம் அதில் போகிறது. இதைவிட ஒரு கெட்ட குணத்துக்கு என்ன நல்ல முடிவு வேண்டும்?

ஸ்டெல்லா டீச்சர் உனக்கு வந்ததும் அப்படித்தான். ரிட்டயரான தமிழ் டீச்சர், உன் கதைக்குக் கீழே எல்லாரும் பூவும் இதயமும் போட்டுக்கொண்டிருந்தபோது, இன்ன வரியில் இன்ன எழுத்து தப்பு என்று பதினாலு தப்பு எழுதியிருந்தார். உனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாவது நாள் நீயே பேசி, அத்தியாயத்தைப் போடுவதற்கு முன்னால் அவருக்கு அனுப்ப ஆரம்பித்தாய். நாலு வருஷம் அவர் கண் படாமல் உன் கதை ஒன்றும் வெளியே போனதில்லை. எழுத்தை மட்டுமா திருத்தினார்? கதாநாயகன் கதாநாயகியைக் கன்னத்தில் அறைகிற இடத்தில், "அறைஞ்சவன இவ ஏன் கட்டிக்கணும்?" என்று ஓரத்தில் எழுதி அனுப்பினாரே, நீ மூன்று அத்தியாயத்தை மாற்றி எழுதினாய். அவர் திருத்துவதைப் பார்த்து, உன்னைப் போல எழுதுகிற இன்னும் நாலைந்து பெண்கள் அவரிடமே பிழை பார்க்கக் கொடுத்தார்கள். பென்ஷனுக்கு மேலே அவருக்கு அது ஒரு வருமானம். அதைவிட, காலையில் எழுந்தால் ஒரு வேலை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். போன வருஷம் ஆனி மாதம் பூந்தமல்லி மண்டபத்தில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். நீ வரவில்லை, எழுதி முடித்த கதையை விலைக்குப் போடுகிற வேலையில் இருந்தாய். பந்தியில் மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி என்னிடம், உங்க பையன் என்ன பண்றார் என்று நல்லபடியாகத்தான் கேட்டாள். நான் வாயில் இருந்த சோற்றை முழுங்குவதற்குள் பக்கத்து இலையில் இருந்த சரோஜா முந்திக்கொண்டாள். "அவனா, ஊட்லதான் கீறான். பொண்டாட்டி வேலைக்குப் போவுது" என்றாள். சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாள். அந்த அப்பளச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நீ முழுக்கதையையும் டீச்சருக்கு அனுப்பிய அன்றைக்கே என் போனிலும் போட்டுக் கொடுத்திருந்தாய். எழுத்தைப் பெரிசாக்கிப் படிக்கலாம், ஆனா யாருக்கும் காட்டாதம்மா, இன்னும் விலைக்கு வரல என்று சொல்லித்தான் கொடுத்தாய். அம்மாவுக்கு அனுப்பவெல்லாம் தெரியாது என்று உனக்கு ஒரு நம்பிக்கை. மாங்காட்டுக்கு ஆறு வாரம் என்னோடு வந்த பெண்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறோம், சரோஜாவும் அதில் இருக்கிறாள். தினம் காலையில் அம்மன் படம் அனுப்பக் கற்றுக்கொண்ட விரலுக்கு உன் கதையை அனுப்புவது பெரிய வித்தையா? கல்யாணத்திலிருந்து வந்தேன். பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. முழுக் கதையையும் குழுவில் தள்ளி, கீழே, "இது என் பிள்ளை ஊட்ல உக்காந்துகினு எழுதினது. படிச்சிட்டுப் பேசு" என்று பேசியே பதிவு செய்து அனுப்பினேன். சரோஜாவின் மூக்கு அறுபட வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். நீ எழுதித் தின்கிற சோற்றில் கை வைக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நாலாம் நாள் சரோஜா போன் செய்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு எடுத்தேன். அழுதுகொண்டிருந்தாள். "அண்ணி, இன்னாமா எழுதிக்கீறான் நம்ம அருளு. ரெண்டு நாளா அடுப்பே பத்த வெக்கலை. அந்த நாத்தனா ஒருத்தி வர்றா பாரு, இன்னா திமிரு அவளுக்கு. அசல் எங்க ஓரகத்தியேதான்" என்றாள். அருளு, எனக்கு வந்த சிரிப்பை அவளுக்குக் கேட்காமல் முந்தானையில் அமுக்கினேன். அடுத்து அவள் சொன்னதுதான் என் சிரிப்பைப் பிடுங்கியது. "எங்க அபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் அனுப்பிட்டேன் அண்ணி. எங்க அண்ணன் பையன் எழுதினதுன்னு மேல போட்டு அனுப்பினேன். அவங்க ஆபீஸ்ல, அவங்க சொந்தத்துலன்னு இன்னும் போய்க்கினே கீது" என்றாள். பெருமையில் செய்தாள். நான் பழி வாங்க அனுப்பியதை அவள் பாசத்தில் ஊருக்கெல்லாம் பரப்பிவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கிரைண்டர் விஷயம் தனி. அது கணக்கில் இருக்கிறது.

மறுநாள் நீ வந்தாய். விலைக்குப் போட்ட இரண்டே நாளில் யார் யாரோ சும்மாவே முழுக் கதையையும் வைத்திருக்கிறார்கள், வாங்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள், அந்தப் பணத்தை நம்பி அடுத்த புத்தகத்துக்கு அச்சகத்தில் சொல்லிவைத்திருந்தேன் என்று சொன்னாய். நாற்பத்திரண்டு வயதுப் பிள்ளை, மூக்கு சிவந்துபோய் உட்கார்ந்திருந்தாய். டீச்சர்கிட்ட மட்டுந்தாம்மா முழுசும் இருந்தது என்றாய். என் போன் நம் இரண்டு பேருக்கும் நடுவில் மேசை மேல்தான் கிடந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். எனக்கு உன் இழப்புகூடப் பெரிதாகத் தெரியவில்லை. உன் முகத்தில் என்னைப் பற்றி இருக்கிற அந்த மரியாதை போய்விடுமே என்றுதான் இருந்தது. எல்லார் தப்பையும் சொல்கிற அம்மா, தப்பே செய்யாதவள் என்று நீ சின்ன வயதிலிருந்து நம்புகிறாய். அதைக் கலைக்க எனக்குத் தைரியம் இல்லை. அவசரப்பட்டு யாரையும் சொல்லிடாதேடா என்று மட்டும் முனகினேன். நீ சொல்லிவிட்டாய். பிழை பார்க்கக் கொடுத்த கையே என் வயிற்றில் அடித்துவிட்டது என்று எழுதிப் போட்டாய். பெயர் போடவில்லை. போடாவிட்டால் என்ன? உன் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் பிழை திருத்தம் ஸ்டெல்லா டீச்சர் என்று நீதானே போட்டுக்கொண்டிருந்தாய். முன்னே என் எதிரிகளைத் திட்டிய அதே பெண்கள் இப்போது அவரைத் திட்டினார்கள். அதையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நீ அதிலிருந்து எழுந்துவிட்டாய். அடுத்த கதை நன்றாகப் போனது. புத்தகமும் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது. எழுத்துப் பிழை மலிந்துவிட்டது என்று படிக்கிறவர்கள் சொல்கிறார்கள், நீ பார்த்துச் சமாளிக்கிறாய். ஆகவே எல்லாம் ஆறிவிட்டது என்று நானும் இருந்துவிட்டேன். போன வாரம் வனிதாதான், "டீச்சர் காலி பண்ணிட்டுப் போறாங்களாம் அத்தை. அவங்ககிட்ட இப்ப யாரும் பிழை பாக்கக் கொடுக்கறதே இல்லையாம்" என்று என் காதில் போட்டாள். அவள் உனக்குத் தெரியாமல் அவரோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். அதற்காக அவளை ஒரு வார்த்தை கேட்காதே. நம் வீட்டில் நேராக நடந்துகொண்டது அவள் ஒருத்திதான்.

அந்த வாரப் புதன்கிழமையே ஷேர் ஆட்டோவில் ஆவடி போய் ரயில் பிடித்து வேப்பம்பட்டில் இறங்கினேன். டீச்சர் வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டியில் இருந்தது. என்னை நாற்காலியில் உட்கார வைத்து, தான் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்தார். நான் நின்ற இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், தண்ணீர் குடித்துவிட்டுத்தான் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை.

"தெரியும்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சர்ச்சில் கூடப் பாடுகிற ஒரு அம்மா அவருக்கே அந்தக் கதையை அனுப்பியிருக்கிறாள். எங்க அண்ணன் பையன் எழுதினது என்கிற வரி அப்படியே மேலே ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வீட்டு ஆள்தான் என்று அன்றைக்கே அவருக்குத் தெரிந்துபோயிற்று. பின்னே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நம்பியிருப்பாரா? மாட்டிக்கிட்டதும் குடும்பத்து மேல பழி போடுதுன்னு அதுக்கும் நாலு பேர் வந்து திட்டுவாங்க. நான் இல்லைன்னு ஒரு தடவை சொன்னேன். நாலு வருஷம் பழகினவருக்கு அது போதலைன்னா, அதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றார்.

நான் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அருளு, என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நீ கேட்டிருக்க மாட்டாய், உன் அப்பாகூடக் கேட்டதில்லை. டீச்சர் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டார். "அம்மா, நீங்க இவ்வளவு தூரம் வந்தது பெரிசு. ஆனா இது உங்க மனசு ஆற. என் பேரு போனது இந்த ரூம்ல இல்லையே. எழுதிப் போட்டவர் எழுதித்தான் எடுக்கணும். நான் இதை மறக்கற ஆளும் இல்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் இது நான் பேச வேண்டிய பேச்சு. எஸ்டேட்டில் நான் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சூப்பர்வைசர், நல்ல வளையத்தையெல்லாம் கழிவுப் பெட்டியில் போடுகிறாள் என்று என்னை லைனில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் திட்டினான். நாலு நாள் கழித்து, வளையம் வார்க்கிற அச்சிலேயே கோளாறு என்று தெரிந்தது. என்னைத் தன் கேபினுக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, தப்பா நெனச்சுக்காதம்மா என்றான். லைனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. அவனை இன்றைக்குப் பார்த்தாலும் முகம் கொடுக்க மாட்டேன். கேபினுக்குள் கேட்ட மன்னிப்பு மன்னிப்பே இல்லை என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், டீச்சர் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன் பார். அதனால்தான் இதை எல்லாரும் பார்க்கிற இடத்தில் போடச் சொல்கிறேன்.

உனக்கு இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு இப்போதும் யோக்கியதை இருக்கிறது என்று நினைத்துச் சொல்கிறேன். முதலாளி இல்லாத பிழைப்பு உன்னுடையது. மேலே ஒருத்தன் இல்லை என்பது சந்தோஷம்தான், உன் முகத்தில் அது தெரிகிறது, கம்பெனிக்குப் போனபோது அந்த முகம் இல்லை. ஆனால் அப்படி இருக்கிறவனுக்குக் கூட நிற்கிற நாலு பேர்தான் எல்லாம். கோபம் வந்தால் அதைக் கதையில் போடு. கதையில் நாத்தனாரை என்ன வேண்டுமானாலும் சொல், அவளுக்கே அடையாளம் தெரியாது. உயிரோடு இருக்கிற மனுஷியைப் பற்றி எழுதுகிறபோது ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இரு. கல்யாணத்தில் யாராவது உன் பிள்ளை என்ன செய்கிறான் என்று கேட்டால் இனிமேல் நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன், கதை எழுதுகிறான், அதில் குடும்பம் நடக்கிறது, வேண்டுமானால் வாங்கிப் படியுங்கள் என்று. சும்மா அனுப்ப மாட்டேன்.

இதுவரை எழுதியதை நேற்று டீச்சரிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். என் எழுத்தை அப்படியே போட்டால் உனக்குத்தான் அவமானம், அதனால் பிழை பார்த்துக் கொடுங்கள் என்று கேட்டேன். பெட்டியைப் பிரித்துக் கண்ணாடியைத் தேடி எடுத்து, முழுவதும் உட்கார்ந்து திருத்தினார். மூன்று மணி நேரம் ஆனது. நான் அவருடைய பாத்திரங்களைப் பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். விஷயத்தில் எதையும் மாற்றவில்லை. தன்னைப் பற்றி நல்லதாக எழுதிய இடத்தில்கூட ஒரு ஒற்றுதான் சேர்த்தார். ஒரே ஒரு வரியை மட்டும் குறுக்கே அடித்து, ஓரத்தில் "இது பொய்" என்று எழுதியிருந்தார்.

நான் எழுதியிருந்த வரி, "இதில் உன்மேல் தப்பு எதுவும் இல்லை."

ரயிலில் வருகிறபோது அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. என் பிள்ளையை இன்னொருத்தி தப்பு சொல்வதா என்று. ஆவடியில் இறங்குவதற்குள் போய்விட்டது. நான் செய்த தப்பு நான் செய்தது. நாலு வருஷம் உன் எழுத்தைத் தன் எழுத்தாகப் பார்த்தவர், "நான் இல்லை" என்று சொன்னபோது நம்பாதது நீ செய்தது. அதற்கு என் கடிதம் பரிகாரம் ஆகாது. இதை வெள்ளிக்கிழமை போட்டுவிட்டு, கீழே உன் வார்த்தையை நீ தனியாக எழுத வேண்டும். எழுதியதும், போடுவதற்கு முன்னால், வழக்கம்போல டீச்சருக்கு அனுப்பு.

அம்மா